குளிரூட்டியின் புதிய வாயு: அச்சமும் அவதானமும்

ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் அட்டாளைச்சேனையில் பகல் வேளையில் வீட்டுக்குள் இருப்பது பெரும்பாடு. மேற்கே வயல்வெளிகளைக் கடந்து வரும் அந்த உலர்ந்த காற்று, கூரையையும் சுவரையும் சுட்டுவிட்டுத்தான் கடலுக்குப் போகிறது. ஒரு காலத்தில் ஓலைக் கூரையும் மண்சுவரும் முற்றத்து மரநிழலும் இந்த வெப்பத்தைத் தாங்கிக்கொண்டன. இன்று நாம் கட்டுவது கல்வீடு, கொங்கிறீட் தட்டு, அடைத்த யன்னல். 2004 ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின் இக்கரையோரத்தில் எழுந்த வீடுகளிற் பல இவ்வகையானவை. வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளை அனுப்பும் பணத்தில், வயோதிபப் பெற்றோரின் அறைக்கு ஒரு குளிரூட்டி பூட்டுவது இப்போது ஆடம்பரமாகக் கருதப்படுவதில்லை.

அப்படிப் பூட்டும் நாளில் இத்தகைய ஓர் உரையாடல் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதே.

"மனே, இதுக்குள்ள இருக்கிற கேஸ் பத்துமாமே, மெய்யா?"

"கேஸ் எண்டா பத்தத்தானே செய்யும் மாமி. பயப்பிடாதீங்க, ஒண்டும் ஆகாது."

கேட்டவரின் அச்சம் நியாயமானது. 2021 ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல பாகங்களிலும் சமையல் எரிவாயு வெடிப்புகள் தொடர்ச்சியாக நிகழ்ந்ததையும், அதை ஆராய்வதற்குச் சனாதிபதி ஒரு குழுவை நியமித்ததையும் யாரும் மறந்துவிடவில்லை. சிலிண்டரில் அடைக்கும் கலவையில் செய்யப்படும் ஒரு மாற்றம், அதைப் பாவிப்பவருக்குத் தெரியாமலே அவரது அடுப்படிக்குள் வந்துவிடலாம் என்பதை அப்போதுதான் பலரும் உணர்ந்தோம். ஆனால் பதில் சொன்னவர் விடயத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டார். புதிய குளிரூட்டிகளில் உள்ள வாயுக்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. எது பற்றும், எவ்வளவு பற்றும், எப்போது பற்றும் என்பதைத் தெரிந்துகொண்டால் வீணான அச்சமும் நீங்கும். வீணான துணிச்சலும் நீங்கும்.

வாயு செய்யும் வேலை

குளிரூட்டி குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தைச் சுமந்து சென்று வெளியே கொட்டுவதே அதன் வேலை. அந்தச் சுமையைத் தூக்கும் கூலியாள்தான் குளிரூட்டும் வாயு. அறையின் உள்ளே இருக்கும் குழாய்களில் அது திரவ நிலையிலிருந்து ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகிறது. வெளியே இருக்கும் பெட்டியில் அமுக்கி அதனை அமுக்க, அது மீண்டும் திரவமாகி வெப்பத்தை வெளிவிடுகிறது. மூடிய செப்புக் குழாய்க்குள் ஒரே வாயுவே ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஓர் உண்மையை நன்றாக மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். இந்த வாயு எரிந்து தீர்வதில்லை, தேய்ந்து போவதுமில்லை. மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிப்பது போல ஆண்டுதோறும் "கேஸ் அடிக்க" வேண்டிய தேவை எந்தக் குளிரூட்டிக்கும் கிடையாது. வாயு குறைந்துவிட்டது என்றால் எங்கோ ஒரு கசிவு இருக்கிறது என்பதே அதன் பொருள். கசிவைத் தேடாமல் மேலும் வாயுவை நிரப்புவது, ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவதற்கு ஒப்பாகும். பழைய வாயுக்களின் காலத்தில் இது பண விரயமாக மட்டுமே இருந்தது. பற்றக்கூடிய வாயுக்களின் காலத்தில் அது ஆபத்தும் ஆகிறது.

ஒரு நூற்றாண்டுக் கதை

குளிரூட்டும் வாயுவின் வரலாறு, ஒரு தீமையிலிருந்து தப்பி இன்னொரு தீமையில் மாட்டிக்கொண்ட வரலாறாகும். ஆரம்ப காலக் குளிர்சாதனப் பெட்டிகளில் அமோனியா, கந்தகவீரொட்சைட்டு, மெதைல் குளோரைட்டு ஆகியவை பாவிக்கப்பட்டன. இவை நச்சு வாயுக்கள். இரவில் கசிந்தால் தூங்கும் குடும்பமே எழும்பாது போகலாம். 1926 ஆம் ஆண்டளவில் பேர்லினில் அவ்வாறு ஒரு குடும்பம் மாண்ட செய்தியைப் பத்திரிகையில் வாசித்தே, விஞ்ஞானி ஐன்ஸ்டைன் தமது நண்பர் சிலார்ட்டுடன் சேர்ந்து கசிவில்லாத குளிர்சாதனப் பெட்டி ஒன்றை வடிவமைக்க முற்பட்டார் என்று கூறப்படுகிறது.

1928 இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லியும் அவரது குழுவினரும் ஒரு புதிய வகை வாயுவை உருவாக்கினர். 1930 இல் மிட்ஜ்லி ஒரு கூட்டத்தில் அதனைத் தாமே சுவாசித்து, பின் அந்த மூச்சினால் ஒரு மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். நஞ்சுமில்லை, தீயுமில்லை என்பதற்கு அதுவே சாட்சியாயிற்று. குளோரோபுளோரோகாபன் எனப்படும் இவ்வகை வாயுக்கள் உலகமெங்கும் பரவின.

வீட்டுக்கு நன்மை செய்த அந்த வாயு வானத்துக்குத் தீமை செய்தது என்பது 1974 இல் மொலினா, ரோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகளின் ஆய்வினால் தெரியவந்தது. அதிலுள்ள குளோரின், சூரியனின் புறஊதாக் கதிர்களிலிருந்து எம்மைக் காக்கும் ஓசோன் படையை அரிக்கின்றது. 1985 இல் அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் துவாரம் அறிவிக்கப்பட்டது. 1987 செப்ரெம்பர் 16 இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தானது. இலங்கை 1989 இல் அதில் இணைந்தது. சுற்றாடல் அமைச்சின் கீழ் தேசிய ஓசோன் அலகு 1994 இல் அமைக்கப்பட்டது.

வீட்டுக் குளிரூட்டிகளில் நீண்ட காலம் இருந்தது ஆர்-22 என்னும் வாயு. இதுவும் ஓசோனை அரிப்பதே. ஆனால் முன்னையவற்றிலும் குறைவாக. எனவே இதற்குச் சற்று நீண்ட தவணை கொடுக்கப்பட்டது. வளர்முக நாடுகள் இவ்வகை வாயுக்களின் பாவனையை 2015 இல் 10 வீதமும், 2020 இல் 35 வீதமும், 2025 இல் 67.5 வீதமும் குறைக்க வேண்டும் என்பதும், 2030 இல் பழைய இயந்திரங்களைத் திருத்துவதற்கான ஒரு சிறு பங்கு தவிர முற்றாக நிறுத்த வேண்டும் என்பதும் நிபந்தனை. ஆர்-22 கிடைப்பது அரிதாகி வருவதற்கு இதுவே காரணம்.

அதற்குப் பதிலாக வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடுவதில்லை, தீயும் பற்றாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அது காபனீரொட்சைட்டிலும் ஏறத்தாழ 2,100 மடங்கு வல்லது. ஆகவே 2016 ஒக்ரோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் உலக நாடுகள் மீண்டும் கூடி, இவ்வகை வாயுக்களையும் படிப்படியாகக் குறைப்பதென்று இணங்கின. இலங்கை 2018 இல் அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. இப்போது கடைகளில் ஆர்-32 என்ற எழுத்து அதிகம் தென்படுவதன் பின்னணி இதுதான்.

எந்த வாயு எப்படிப்பட்டது?

ஆர்-32 இன் வெப்பமாக்கும் வலு 675 மடங்கு. அதாவது ஆர்-410ஏ இன் மூன்றில் ஒரு பங்கு. இது நஞ்சு குறைந்தது. ஆனால் மெதுவாகத் தீப்பற்றக்கூடியது என்று சர்வதேச ரீதியில் வகைப்படுத்தப்பட்டுள்ளது. காற்றில் ஏறத்தாழ 14 வீதம் கலந்தாலன்றி இது பற்றாது. பற்றினாலும் சுவாலை செக்கனுக்கு 10 சென்ரிமீற்றருக்கும் குறைவான வேகத்திலேயே பரவும்.

ஆர்-290 என்பது வேறொன்றுமல்ல, சுத்திகரிக்கப்பட்ட புரொப்பேன். சமையல் எரிவாயுவில் இருப்பதும் புரொப்பேனும் பியூட்டேனுமே. ஓசோனுக்குக் கெடுதியில்லை, பூமியைச் சூடாக்குவதும் மிகச் சொற்பம். இந்தியாவில் 2012 முதல் இவ்வாயு நிரப்பிய வீட்டுக் குளிரூட்டிகள் விற்பனையாகின்றன. ஆனால் இது இலகுவில் தீப்பற்றும் வகையைச் சேர்ந்தது. காற்றில் 2 வீதத்துக்குச் சற்று மேல் கலந்தாலே போதும்; ஒரு மின் ஆளியின் பொறியே அதனைப் பற்றவைக்கும்.

குளிர்சாதனப் பெட்டிகளில் உள்ள ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன். இதுவும் நன்றாகத் தீப்பற்றக்கூடியதே. பல வீடுகளில் இது ஏற்கெனவே பல ஆண்டுகளாக அடுப்படியின் மூலையில் ஓசையின்றி வேலை செய்துகொண்டிருக்கிறது. அளவு சில பத்துக் கிராம் மட்டுமே என்பதாலும், தொழிற்சாலையிலேயே நன்றாக அடைக்கப்பட்டு வருவதாலும் அது எம்மைத் தொந்தரவு செய்வதில்லை. அளவும் அடைப்பும் ஒழுங்காக இருந்தால் பற்றும் வாயுவோடும் பத்திரமாக வாழலாம் என்பதற்கு அந்தப் பெட்டியே சான்று.

ஒரு சிறு கணக்கு

பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 28 கனமீற்றர். ஆர்-32 தீப்பற்றுவதற்கு ஒரு கனமீற்றர் காற்றில் ஏறத்தாழ 307 கிராம் இருக்க வேண்டும். அப்படியானால் அறை முழுவதும் பற்றும் நிலைக்கு வர எட்டரைக் கிலோவுக்கு மேல் வாயு வேண்டும். இத்தகைய அறைக்குப் பூட்டும் குளிரூட்டியில் இருப்பதோ பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் குறைவு. அவ்வளவும் ஒரே நேரத்தில் கசிந்து அறை முழுவதும் கலந்தாலும் 2 வீதத்தை எட்டாது. மூச்சடைக்கவும் அது போதாது.

ஆர்-290 க்கு ஒரு கனமீற்றரில் 38 கிராம் போதும். அதே அறைக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். குளிரூட்டியில் இருப்பது முந்நூறு கிராம் அளவில் என்றால், அறை முழுவதும் கலந்தபின் அதுவும் பற்றாது. சமையலறைச் சிலிண்டரில் இருக்கும் 12.5 கிலோவுடன் ஒப்பிட்டால் இது நாற்பதில் ஒரு பங்குதான்.

ஆனால் இக்கணக்கில் ஒரு "ஆனால்" உண்டு. இவ்வாயுக்கள் எல்லாம் காற்றிலும் பாரமானவை. காற்றோட்டமில்லாத அறையில் அவை கலக்காமல் தரையோடு தேங்கலாம். அதே அறையில் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு மட்டும் தேங்குமாயின் கணக்கு பத்தில் ஒன்றாகிவிடும். அப்போது ஆர்-32 க்கு 870 கிராம் போதும். ஆர்-290 க்கு 110 கிராமே போதும். முன்னது மயிரிழையில் தப்பலாம், தப்பாமலும் போகலாம், பின்னது தப்பாது. சமையல் எரிவாயுவில் கசிவை அறிவிப்பதற்கென்றே ஒரு துர்நாற்றப் பொருள் சேர்க்கப்படுகிறது. குளிரூட்டும் வாயுவில் பொதுவாக அது இல்லை. மூக்கு எமக்கு எச்சரிக்கை தராது.

இதனாலேதான் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு மாதிரிக்கும் எவ்வளவு வாயு, எவ்வளவு சிறிய அறையில் பூட்டலாம், எவ்வளவு உயரத்தில் பூட்டவேண்டும் என்று கையேட்டில் குறிப்பிடுகிறார்கள். அந்தக் கையேடு அட்டைப்பெட்டியோடு குப்பைக்குப் போகக்கூடாது.

உண்மையான ஆபத்து எங்கே?

ஒழுங்காகப் பூட்டப்பட்டு அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும் குளிரூட்டியில் ஆபத்து மிகக் குறைவு. அது பூட்டும்போதும், திருத்தும்போதும், கழற்றும்போதும்தான் ஆபத்து அருகில் வருகிறது. அதாவது, முதலில் ஆபத்துக்குள்ளாவது ஏணியில் நிற்கும் தொழிலாளியே.

முதலாவது, அமுக்கம். ஆர்-22 சாதாரணமாக ஓடும்போது வெளிப்பெட்டியின் குழாயில் சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தல் அளவில் அமுக்கம் இருக்கும். ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டிலும் அது 340 இறாத்தலை எட்டும். ஒரு கார் டயரில் இருப்பது முப்பது இறாத்தல் மட்டுமே. பழைய வாயுவுக்கு வாங்கிய மானியையும் குழாயையும் புதிய வாயுவுக்குப் பாவிப்பது கையில் வெடியை வைத்திருப்பதற்குச் சமம்.

இரண்டாவது, வாயுவை மாற்றி நிரப்புதல். ஆர்-22 கிடைக்கவில்லை, அல்லது விலை அதிகம் என்பதற்காகப் பழைய இயந்திரத்தில் ஆர்-290 ஐ, இன்னும் மோசமாகச் சமையல் எரிவாயுவையே நிரப்பும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. இயந்திரம் குளிரவே செய்யும், அதுதான் ஏமாற்று. அந்த இயந்திரத்தின் மின் இணைப்புகள் பற்றும் வாயுவுக்காக அமைக்கப்பட்டவை அல்ல. வெளியே ஒட்டியிருக்கும் தகட்டில் இன்னும் ஆர்-22 என்றே இருக்கும். நாளை அதைத் திருத்தவரும் இன்னொரு பிள்ளை, உள்ளே இருப்பது பற்றாத வாயு என்று நம்பித் தீச்சுவாலையைக் குழாயில் பிடிப்பான்.

மூன்றாவது, போலி வாயு. 2011 இல் கப்பல்களில் ஏற்றும் குளிரூட்டிய கொள்கலன்கள் சில வெடித்து மூவர் உயிரிழந்தனர். ஆர்-134ஏ என்ற பெயரில் நிரப்பப்பட்டதில் மெதைல் குளோரைட்டு கலந்திருந்தமையே காரணம் எனக் கண்டறியப்பட்டது. அது அலுமினியத்துடன் தாக்கமுற்று, காற்றுப் பட்டவுடன் தானே பற்றும் பொருளை உண்டாக்குகிறது. பல பத்தாண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட நஞ்சு, மலிவு விலையில் திரும்பி வந்து உயிர் குடித்தது.

நான்காவது, வேலைமுறை. வாயு இருக்கும் குழாயை வெட்டுவதோ சூடாக்கி ஒட்டுவதோ கூடாது. புளோரீன் உள்ள எந்த வாயுவும், ஆர்-22 உட்பட, சுவாலையில் பட்டால் ஐதரசன் புளோரைட்டு என்ற கொடிய நச்சுவாயு உண்டாகும். கசிவு பார்ப்பதற்கு உலர்ந்த நைதரசன் மட்டுமே பாவிக்க வேண்டும். ஒட்சிசனைப் பாவித்தால் அமுக்கியில் உள்ள எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கும். கழற்றும்போது வாயுவை வெளிப்பெட்டிக்குள் இழுத்து அடைப்பது வழக்கம். அவ்வேளையில் தளர்ந்த மூட்டு வழியாகக் காற்று உள்ளே போனால், ஓடும் அமுக்கியே வெடித்துச் சிதறக்கூடும்.

கடற்கரை ஊரின் தனிப்பிரச்சினை

அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர் போன்ற ஊர்களுக்கு இன்னொரு விடயம் உண்டு. இங்கே யன்னல் கம்பியும் சைக்கிள் சங்கிலியும் எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கின்றன என்பதை அனைவரும் அறிவோம். வெளிப்பெட்டியில் செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. உப்பு ஈரம் படும்போது இரு உலோகங்களுக்கும் இடையே மின்னிரசாயனத் தாக்கம் ஏற்பட்டு அலுமினியம் பொடிந்து போகிறது. காலப்போக்கில் குழாயும் மூட்டுகளும் பழுதடைகின்றன. உள்நாட்டில் நீண்ட காலம் உழைக்கும் பெட்டி கடற்கரையில் வெகு முன்னரே கசியத் தொடங்கலாம். கசிவு அதிகமாகும் இடத்தில் பற்றும் வாயு பற்றிய கவனமும் அதிகமாக வேண்டும்.

வீட்டார் செய்யவேண்டியவை

1. வாங்கும்போது பெட்டியின் தகட்டில் எந்த வாயு, எத்தனை கிராம் என்று பார்த்து எழுதி வையுங்கள். அறையின் அளவைக் கடைக்காரரிடம் சொல்லிக் கேளுங்கள்.

2. வெளிப்பெட்டியைக் கடலுக்கு நேரே வைக்காமல் சுவரின் மறைவில் வையுங்கள். தகடுகளுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ளதைத் தெரிவு செய்யுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, காலத்துக்குக் காலம் நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவிவிடுங்கள்.

3. குளிர் குறைந்தால், "கேஸ் அடியுங்கள்" என்று சொல்லாதீர்கள். "எங்கே கசிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

4. தகட்டில் உள்ள வாயுவைத் தவிர வேறெதையும் நிரப்ப விடாதீர்கள். சிலிண்டரின் நிறத்தை நம்பாமல் அதில் எழுதியிருப்பதை வாசியுங்கள்.

5. திருத்தவேலை நடக்கும்போது யன்னல், கதவுகளைத் திறந்து வையுங்கள். அடுப்பு, நுளம்புத்திரி, சாம்பிராணித் தட்டு, சிகரெட் எதுவும் அருகில் வேண்டாம்.

6. கசிவு என்று சந்தேகித்தால் அறைக்குள் ஆளியைப் போடவோ அணைக்கவோ வேண்டாம். கதவைத் திறந்து வெளியே வந்து, பிரதான ஆளியை நிறுத்துங்கள்.

ஊர் செய்யக்கூடியது

எமது கிராமங்களில் இத்தொழிலில் ஈடுபட்டிருக்கும் இளைஞர் பலர் வெளிநாட்டிலோ, ஒரு மூத்த தொழிலாளியின் கீழோ கைப்பழக்கத்தால் கற்றவர்கள். அவர்களது திறமையில் குறைவில்லை. ஆனால் அவர்கள் கற்ற வாயு வேறு. இன்று கையாளும் வாயு வேறு. குளிரூட்டல், வளிச்சீராக்கல் துறைக்குத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் உண்டு. அனுபவத்தால் கற்றவரும் தமது திறமையை மதிப்பிடச் செய்து அதனைப் பெறலாம். அவ்வாறு சான்றிதழ் பெற்றவரை வீட்டார் தேடத் தொடங்கினால், மற்றவரும் தாமாகவே பயிற்சிக்குப் போவார்கள்.

இன்னொரு தடை கருவி. வெற்றிடப் பம்பி, கசிவறி கருவி, பழைய வாயுவை மீட்டெடுக்கும் இயந்திரம், உயர் அமுக்க மானி ஆகிய நான்கும் இல்லாமல் புதிய வாயுக்களைப் பாதுகாப்பாகக் கையாள முடியாது. நாளொன்றுக்கு ஒரு வேலை கிடைக்கும் இளைஞன் இவை எல்லாவற்றையும் வாங்குவது கடினம். ஆனால் ஓர் ஊரில் பத்துப் பேர் சேர்ந்து வாங்கலாம். கூட்டுறவுச் சங்கமோ, பள்ளிவாசல் நிருவாகமோ, இளைஞர் கழகமோ ஒரு தொகுதிக் கருவிகளை வைத்திருந்து நாட்கூலிக்கு இரவல் கொடுக்கலாம். விவசாயிகள் தெளிகருவியையும் நீர்ப்பம்பியையும் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவது எமக்குப் புதிதல்லவே.

முன்னர் வந்த வாயு வீட்டைக் காத்து வானத்தைக் கெடுத்தது. இப்போது வரும் வாயு வானத்தைக் காக்கிறது. வீட்டைக் காக்கும் பொறுப்பை எமது கையில் விட்டிருக்கிறது. அப்பொறுப்பின் பெரும்பகுதியைச் சுமப்பவன் உச்சி வெயிலில் ஏணியில் நின்று வேலை செய்யும் பக்கத்து வீட்டுப் பிள்ளை. அவனிடம் கூலியைக் குறைத்துப் பேசுவதற்கு முன், "தம்பி, உங்களிட்ட வெற்றிடப் பம்பி இருக்கா?" என்று ஒரு கேள்வி கேட்போம். இல்லை என்றால், அது கிடைப்பதற்கு ஊர் என்ன செய்யலாம் என்று எல்லோருமாகக் கூடி யோசிப்போம்.